ரெஜிஸ்டர் ஒதுக்கீட்டு பேட்டன்ட் நிராகரிக்கப்பட்டதா? தில்லியில் அப்பீல் போடும் முறை

நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர், எந்த மாறியை எந்த ரெஜிஸ்டரில் (ப்ராசஸருக்குள் இருக்கும் சிறிய சேமிப்பிடம்) வைப்பது என்று முடிவு செய்யும் முறைகளுக்கு, பேட்டன்ட் சட்டத்தின் 3(கே) பிரிவைக் (கணித முறை, வணிக முறை, தன்னளவிலான கணினி நிரல், அல்காரிதம் ஆகியவற்றுக்கு பேட்டன்ட் இல்லை என்பது) காட்டி பேட்டன்ட் மறுப்பது வழக்கம்தான். ஆர்டர் வந்ததும் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். 15ஆம் பிரிவின்படி மறுத்திருந்தால், 117ஏ பிரிவில் அப்பீலுக்கு 3 மாதம். கெடு ஆர்டர் தேதியிலிருந்தே ஓடும். மெயிலைத் திறந்த நாளிலிருந்து அல்ல.

முன்பு இந்த அப்பீல்களைக் கேட்ட ஐபிஏபி (அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம்) 2021-லேயே ஒழிக்கப்பட்டுவிட்டது. ஆர்.கே.புரத்திலிருந்து துவாரகா பேட்டன்ட் ஆபீசுக்கு அலைவது வீண்; ஷேர்ஷா ரோடு உயர் நீதிமன்றத்தின் ஐபி (அறிவுசார் சொத்து) பிரிவில்தான் மனு. விண்ணப்பம் சென்னை ஆபீசில் பதிவாகியிருந்தால் தில்லி செல்லாது, சென்னைக்கே போகவேண்டும்.

அடுத்து, கன்ட்ரோலர் (விண்ணப்பத்தை முடிவு செய்யும் பேட்டன்ட் அதிகாரி) எந்தச் சொல்லால் மறுத்திருக்கிறார்? 3(கே)-யில் 'பெர் ஸீ' (தன்னளவில்) என்பது கணினி நிரலுக்கு மட்டுமே ஒட்டியிருக்கிறது, அல்காரிதத்துக்கு இல்லை. அதனால் 'இது அல்காரிதம்' என்று எழுதியிருந்தால், நிரல் என்ற கோணத்தில் மட்டும் வாதாடுவது பாதி வேலைதான்.

பலர் சறுக்குவது க்ளெய்மில், அதாவது எதற்கு உரிமை கேட்கிறோம் என்று எழுதும் பகுதியில். 'குறுக்கீட்டு கிராஃபுக்கு நிறம் தீட்டுதல்' (ஒரே நேரத்தில் தேவைப்படும் மாறிகளைக் கோட்டால் இணைத்து, இணைந்தவற்றுக்கு வெவ்வேறு நிறம், அதாவது வெவ்வேறு ரெஜிஸ்டர், கொடுக்கும் முறை) என்று நிறுத்தினால் அது கணிதமாகவே படும். போதாததற்கு, ஐபிஎம் ஆய்வாளர் கிரெகரி சைட்டின் 1982-லேயே அதற்கு விண்ணப்பித்து, 1986-ல் அமெரிக்க பேட்டன்ட் வாங்கிவிட்டார், புதுமையும் அடிபடும். ப்ராசஸருக்குள் என்ன மாறுகிறது என்று காட்டுங்கள். எக்ஸ்86-64 வகை ப்ராசஸரில் பொது ரெஜிஸ்டர்கள் 16. ஸ்டாக் (நினைவகத்தின் ஒரு பகுதி) எங்கே இருக்கிறது என்று காட்டும் ஸ்டாக் பாயின்டருக்கு ஒன்று போனால் மிச்சம் 15. ஒரு லூப்பில் ஒரே நேரத்தில் 17 முழு எண் மதிப்புகள் உயிரோடிருந்தால், குறைந்தது இரண்டு மதிப்புகள் ரெஜிஸ்டரில் இடமின்றி ஸ்டாக்குக்கு ஸ்பில் ஆகும், அதாவது தள்ளப்படும். லூப்புக்குள்ளேயே பயன்பட்டால் ஒவ்வொரு சுற்றிலும் நினைவகத்தைத் தொடவேண்டியிருக்கும். உங்கள் முறை அந்த லோடு (நினைவகத்திலிருந்து எடுப்பது), ஸ்டோரில் (அங்கே எழுதுவது) எத்தனையைக் குறைக்கிறது? அந்தக் கணக்கை முதல் ஸ்பெசிஃபிகேஷனிலேயே (கண்டுபிடிப்பை விளக்கும் ஆவணம்) எழுதியிருந்தால் தில்லி உயர் நீதிமன்றத்தின் 2019 ஃபெரிட் அல்லானி தீர்ப்பு கைகொடுக்கும். அங்கே தொழில்நுட்ப விளைவுதான் உரைகல். எழுதாமல் விட்டதை இப்போது புதிதாக நுழைக்க 59ஆம் பிரிவு விடாது. க்ளெய்மைக் குறுக்கலாம், விரிக்க முடியாது.

மனுவோடு ஆர்டர் நகல், கட்டணம், சரிபார்ப்பு மூன்றும் வேண்டும். எஃப்இஆர் (முதல் பரிசோதனை அறிக்கை), அதற்கான பதில், ஹியரிங்குக்குப் பிந்தைய எழுத்துமூல வாதம், கடைசியாகத் திருத்திய க்ளெய்ம் ஆகியவற்றைத் தேதி வரிசையில் இணையுங்கள். பழைய க்ளெய்ம் தவறிப்போய் உள்ளே இருந்தால் வாதமே திசைமாறும்.

உங்கள் வாதத்துக்குப் பதிலே சொல்லாமல் 3(கே) வாசகத்தை மட்டும் ஒப்பித்த ஆர்டரா? பேட்டன்ட் தரச்சொல்லிக் கேட்பதோடு, மாற்றுக் கோரிக்கையாக மறுபரிசீலனைக்குத் திருப்பியனுப்பவும் கேளுங்கள். இப்படிப்பட்ட வழக்குகளில் பெரும்பாலும் கிடைப்பது அதுதான். வேறொரு கன்ட்ரோலர் விசாரிக்கவேண்டும் என்பதையும் அதே கோரிக்கையில் சேர்த்துவிடுங்கள்.