தேயிலை ஃபேக்டரி கம்ப்யூட்டர்களில் லாகின் நேரத்தைக் கட்டுப்படுத்துவது எப்படி?

கோத்தகிரி, குன்னூர் பக்கம் தேயிலை ஃபேக்டரிகளில் ஆபீஸ் மூடினாலும் வேலை நிற்பதில்லை. பகலில் வந்த பச்சை இலை இரவெல்லாம் தொட்டியில் வாடிய பிறகுதான் அரைவைக்குப் போகும். எல்லாருக்கும் ஒரே லாகின் நேரம் வைத்தால் ராத்திரி ஷிஃப்ட் சூப்பர்வைசரால் உள்ளே நுழைய முடியாது. அதனால் யாருக்கு எந்த நேரம் வேலை என்று முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

இது விண்டோஸ் சர்வரில் ஆக்டிவ் டைரக்டரி டொமைன் (எல்லா யூசர்களையும் கம்ப்யூட்டர்களையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் அமைப்பு) வைத்திருப்பவர்களுக்கான முறை.

படி 1: சர்வர் மேனேஜரில் டூல்ஸ் போய் 'ஆக்டிவ் டைரக்டரி யூசர்ஸ் அண்ட் கம்ப்யூட்டர்ஸ்' திறங்கள். எடை போடும் கிளார்க்கின் பெயரில் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ், அக்கவுண்ட், 'லாகான் ஹவர்ஸ்' என்று போங்கள்.

படி 2: ஏழு நாளுக்கும் 24 மணிக்கும் கட்டங்கள் வரும். நீலம் என்றால் அனுமதி, வெள்ளை என்றால் தடை. 'ஆல்' அழுத்தி மொத்தத்தையும் 'லாகான் டினைட்' ஆக்குங்கள். அப்புறம் திங்கள் முதல் சனி வரை வேலை நேரத்தை மட்டும் இழுத்துத் தேர்ந்தெடுத்து 'லாகான் பெர்மிட்டட்' கொடுத்து ஓகே செய்யுங்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த நேரங்கள் உள்ளே யூடிசி (உலகப் பொது நேரம்) கணக்கில்தான் பதிவாகின்றன. வாரத்தின் 168 மணிக்கும் மணிக்கு ஒரு பிட், அதாவது 'அனுமதி' அல்லது 'தடை' என ஒரே ஒரு குறி. நம் நேரம் யூடிசியைவிட 5.30 மணி முன்னே இருப்பதால், நமக்குக் காலை 8 மணி என்பது அங்கே 2.30. அரை மணிக்கு அங்கே இடமே கிடையாது. ஆகவே நீங்கள் வைத்த எல்லை அரை மணி முன்பின் நகரலாம். இரண்டு பக்கமும் ஒரு மணி நேரம் கூட்டியே வையுங்கள்.

படி 3: பலரும் விட்டுவிடுவது இதைத்தான். லாகான் ஹவர்ஸ் புதிதாக நுழைவதை மட்டுமே தடுக்கும். ஏற்கெனவே உள்ளே இருப்பவரை அது வெளியேற்றாது. அதற்கு குரூப் பாலிசியில் (டொமைன் முழுவதற்கும் விதிகள் வைக்கும் இடம்) யூசர் கான்ஃபிகரேஷன், அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ், விண்டோஸ் காம்போனென்ட்ஸ், விண்டோஸ் லாகான் ஆப்ஷன்ஸ் என்று போய், 'செட் ஆக்‌ஷன் டு டேக் வென் லாகான் ஹவர்ஸ் எக்ஸ்பயர்' என்பதை எனேபிள் செய்யுங்கள். லாக், டிஸ்கனெக்ட், லாக்ஆஃப் என மூன்று வழி உண்டு. லாக்ஆஃப் கொடுத்தால் சேவ் செய்யாத எடைக் கணக்கு போய்விடும். விவசாயிகளுக்குப் பணம் பட்டுவாடா ஆவது அந்தக் கணக்கை வைத்துத்தான் என்பதால், என் பரிந்துரை லாக், அதாவது ஸ்கிரீனை மட்டும் பூட்டுவது.

அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்குக்கு மட்டும் நேரக் கட்டுப்பாடு வேண்டாம். சோதனைக்கென ஒரு யூசரை உருவாக்கி, தடை தொடங்கும் நேரத்திலும் முடியும் நேரத்திலும் லாகின் செய்து பாருங்கள். சரியாக இருந்தால் மற்றவர்களை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒரே முறையில் நேரம் கொடுத்துவிடலாம்.