திறன் குறைபாட்டுக்காக நிபந்தனையுடன் பணிபுரியும் செவிலியர் கவனிக்க வேண்டியவை

செவிலியர் மீது புகார் எழும்போது முதலில் தெளிவுபடுத்த வேண்டியது, அது நடத்தைக்கேடு பற்றியதா, திறன் குறைபாடு பற்றியதா என்பதே. கொடுக்காத மருந்தைக் கொடுத்ததாகப் பதிவேட்டில் எழுதுவது நடத்தைக்கேடு. மருந்தின் அளவைக் கணக்கிடுவதில் மீண்டும் மீண்டும் தவறுவது திறன் குறைபாடு. பின்னதைப் பயிற்சியால் சரிசெய்ய முடியும் என்பதால், செவிலியர் கவுன்சிலின் (செவிலியர்களைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்தும் அமைப்பு) விசாரணைக் குழு, செவிலியர் பதிவேட்டிலிருந்து பெயரை நீக்காமல் நிபந்தனைகளுடன் பணியைத் தொடர அனுமதிக்கலாம். பிரிட்டனில் இத்தகைய ஆணை அதிகபட்சம் 3 ஆண்டுகளுக்கு விதிக்கப்படுகிறது. புகார் திறன் குறைபாடு பற்றியது மட்டுமே எனில், 2 ஆண்டுகள் தொடர்ந்து நிபந்தனையின் கீழோ இடைநீக்கத்திலோ இருந்த பின்னரே செவிலியர் பதிவேட்டிலிருந்து பெயரை நீக்க இயலும்.

ஆணை கிடைத்ததும் ஒவ்வொரு நிபந்தனைக்கும் எதிரே, அதை யார், எந்தத் தேதிக்குள், எந்த ஆவணத்தின் மூலம் உறுதிப்படுத்த வேண்டும் என்று எழுதிக்கொள்ளுங்கள். மேற்பார்வை எவ்வகையானது என்பதை ஐயமறத் தெரிந்துகொள்வது அவசியம். மேற்பார்வையாளர் அருகில் நின்று பார்த்தாக வேண்டுமா, அதே ஷிஃப்டில் பணியில் இருந்தால் போதுமா என்பது தெரியாமல் மருந்து கொடுக்கத் தொடங்கினால், நோயாளிக்கு எத்தீங்கும் நேராவிட்டாலும் அது நிபந்தனை மீறலாகிவிடக்கூடும். ஆணையைப் பற்றி மருத்துவமனைக்கும், நீங்கள் பணிபுரியும் ஏஜென்சிக்கும் மறைக்காமல் தெரிவியுங்கள்.

அடுத்தது மேம்பாட்டுத் திட்டம். "மருந்து வழங்குவதில் கவனமாக இருப்பேன்" என்று எழுதுவதால் பயனில்லை, ஏனெனில் அதை எவராலும் அளந்து பார்க்க முடியாது. நோயாளி, மருந்து, அளவு, செலுத்தும் வழி, நேரம் ஆகிய ஐந்தையும் சரிபார்த்து மருந்து கொடுத்ததை மேற்பார்வையாளர் நேரில் கண்டு, தேதியிட்டுக் கையொப்பமிட்ட பதிவுகளே, ஆணையைக் குழு மீண்டும் பரிசீலிக்கும் மறுஆய்வில் எடுபடும். சிரை (ரத்தக் குழாய்) வழி மருந்தின் சொட்டு வேகத்தைக் கணக்கிட்ட தாள்களையும் சேர்த்து வையுங்கள். தவறிய கணக்கை நீக்கிவிட வேண்டாம். எங்கே தவறியது, அதன் பின் எந்தப் பழக்கத்தை மாற்றினீர்கள் என்பதை அதனடியிலேயே எழுதுங்கள். பயிற்சி வகுப்புக்குச் சென்ற சான்றிதழைக் காட்டிலும் இத்தகைய தாளுக்கே மதிப்பு அதிகம் என்பது என் உறுதியான கருத்து, ஏனெனில் குழு அறிய விரும்புவது நோயாளியின் படுக்கையருகே உங்கள் செயல் மாறியிருக்கிறதா என்பதையே.

ஆள் பற்றாக்குறையால் மேற்பார்வையாளரைத் தர இயலாது என்று மருத்துவமனை கூறினால், மறுஆய்வு நாள் வரை காத்திராமல், அதை எழுத்தில் பெற்று உடனே கவுன்சிலுக்கு அனுப்பி, நிபந்தனையை மாற்றித் தருமாறு கேளுங்கள். மறுமொழி வரும்வரை, மேற்பார்வை தேவைப்படும் அந்தப் பணியை மட்டும் செய்யாதிருங்கள்.