சீன எழுத்து பழக எத்தனை இஞ்ச் டேப்லெட் வாங்கலாம்? கடைக்குப் போகும் முன் ஒரு அட்டையை வெட்டுங்கள்

ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியின் சாம்பிள் பிரிவில் வேலை பார்க்கிறேன். தைவானிலிருந்து வரும் டெக்னீஷியன்கள் தோல் துண்டில் கட்டித் தொங்கவிடும் சின்ன அட்டையில் கையாலேயே குறிப்பு எழுதுவார்கள். அதைப் படிக்கவும், அதே அட்டையில் பதில் எழுதவும்தான் நான் சீன எழுத்து பழக ஆரம்பித்தேன். இப்போது ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் இதே வேலையில் இருப்பவர்களும், காட்பாடியில் படிக்கிற பிள்ளைகளும் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வி. "அண்ணா, எழுதிப் பழக எத்தனை இஞ்ச் டேப் வாங்கலாம்?"

இஞ்ச் கணக்கு கடைசியில்தான் வர வேண்டும். அதற்கு முன் இரண்டு அளவு தெரிய வேண்டும். உங்கள் கை இப்போதைக்கு எவ்வளவு பெரிய கட்டத்தில் ஒழுங்காக எழுதுகிறது? எழுதும்போது உள்ளங்கை பேனா முனையிலிருந்து எவ்வளவு கீழே ஊன்றுகிறது? இரண்டையும் வீட்டிலேயே அளந்துவிடலாம். நான் அளக்காமல் முதலில் 8 இஞ்ச் வாங்கினேன். நல்ல டேப்தான், ஆனால் என் கைக்கு அது ஒத்துவரவில்லை. நான்கு மாதத்தில் இன்னொன்று வாங்க வேண்டியதாயிற்று. அந்தச் செலவு உங்களுக்கு வர வேண்டாம் என்றுதான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

படி 1: எதற்காக எழுதுகிறீர்கள்?

கோடு போடும் வரிசையை மட்டும் மனதில் ஏற்ற வேண்டும் என்றால் டேப்பே வேண்டாம். ஸ்கிரிட்டர் மாதிரி ஆப்களில் ஒரு நேரத்தில் ஒரே எழுத்து, திரையின் அகலம் முழுக்க வரும். கையில் இருக்கும் போன் போதும், விரலாலேயே எழுதலாம். வாட்ஸாப்பிலும் வீசாட்டிலும் பதில் அனுப்புவது மட்டும்தான் தேவை என்றால் பின்யின் தட்டச்சு (சீன உச்சரிப்பை ஆங்கில எழுத்தில் அடிப்பது) கற்றுக்கொள்ளுங்கள், இந்தப் பதிவு உங்களுக்கு அவசியமில்லை.

எச்எஸ்கே என்ற சீன மொழித் தேர்வை மனதில் வைத்துப் படிப்பவர்களுக்கு ஒரு தகவல். 2021-இல் வந்த புதிய பாடத்திட்டத்தில் கையால் எழுதத் தெரிய வேண்டிய எழுத்துகளுக்குத் தனிப் பட்டியலே உண்டு. முதல் மூன்று நிலைகளுக்கும் சேர்த்து 300 எழுத்து. இந்த 300-ஐப் பக்கம் பக்கமாக எழுதிப் பழகப் போகிறவர்களுக்குத்தான் டேப்பின் அளவு ஒரு பொருட்டு.

இன்னொன்றையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். சீனாவில் எளிமையாக்கிய எழுத்து. தைவானிலும் ஹாங்காங்கிலும் பழைய எழுத்து. 'குதிரை' என்பதற்கு சீனாவில் 3 கோடு, தைவானில் 10 கோடு. 'டிராகன்' சீனாவில் 5, தைவானில் 16. பழைய எழுத்து எழுதுபவருக்குக் கட்டமும் பெரிதாக வேண்டும், திரையும் பெரிதாக வேண்டும்.

படி 2: கணக்கு நோட்டில் ஒரு வாரம்

இதைத் தாண்டிப் போகாதீர்கள். வேலூர் லாங் பஜாரில் ஏதாவது ஒரு நோட்டுக் கடையில் கட்டம் போட்ட கணக்கு நோட்டு ஒன்று வாங்குங்கள். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் நான்கு சிறு கட்டங்களைச் சுற்றி ஸ்கேல் வைத்து ஒரு சதுரம் போட்டால், நடுவில் கூட்டல் குறி உள்ள பெரிய கட்டம் கிடைக்கும். சீனப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் எழுதும் கட்டம் இதுதான். 'வயல்' என்ற சீன எழுத்தும் நான்கு கண்ணாடி வைத்த ஜன்னல் மாதிரியே இருக்கும் என்பதால் இதற்கு வயல் கட்டம் என்றே பெயர். குறுக்குக் கோடுகளும் சேர்ந்தால் அது அரிசிக் கட்டம். 'அரிசி' என்ற எழுத்தின் உருவம் அது. ஆரம்பத்துக்கு வயல் கட்டமே போதும்.

நோட்டில் மூன்று அளவில் கட்டம் போடுங்கள்: 2.5 சென்டிமீட்டர், 1.5 சென்டிமீட்டர், 1 சென்டிமீட்டர். நோட்டின் கட்டம் இந்த அளவுக்குச் சரியாக வராவிட்டால் வெள்ளைத் தாளில் போடுங்கள்.

எழுதிப் பார்க்க நம் ஊருக்குப் பொருத்தமான எழுத்து ஒன்று சொல்கிறேன். ஷூவுக்கு சீனத்தில் 'ஷியே'. மொத்தம் 15 கோடு, எளிமையாக்கிய எழுத்திலும் பழைய எழுத்திலும் ஒரே உருவம். இடது பாதி 'தோல்', 9 கோடு. வலது பாதியில் 'மண்' என்ற எழுத்து ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு தடவை, 6 கோடு. இந்த வலது பாதியைக் கவனியுங்கள். மேலிருந்து கீழே படுக்கைக் கோடு மட்டும் நான்கு. நான்கும் ஒன்றையொன்று தொடாமல், நடுவே ஏறத்தாழ ஒரே இடைவெளி விட்டு நிற்க வேண்டும். 2.5 சென்டிமீட்டர் கட்டத்தில் அந்த இடைவெளி அரை சென்டிமீட்டருக்கு மேல் கிடைக்கும், கை தாராளமாகப் போகும். 1 சென்டிமீட்டர் கட்டத்தில் இரண்டு மில்லிமீட்டர்தான். இரண்டாவது கோடு கொஞ்சம் சாய்ந்தாலும் மூன்றாவதன்மேல் ஏறிவிடும்.

தமிழ் எழுதிப் பழகிய கைக்கு இதில் ஒரு கூடுதல் சிரமம் இருக்கிறது. 'ஐ', 'ழ', 'ணு' எல்லாம் நாம் பேனாவை எடுக்காமல் சுழித்துக்கொண்டே போய் முடிப்பவை. சீனத்தில் ஒவ்வொரு கோட்டுக்கும் பேனாவை வைத்து, இழுத்து, நிறுத்தி, எடுக்க வேண்டும். என் முதல் மாத நோட்டை எடுத்துப் பார்த்தால் 'மண்' எழுத்தின் மூலைகள் எல்லாம் உருண்டு கிடக்கின்றன. ஆகவே நம்மவர்கள் பெரிய கட்டத்தில் ஆரம்பித்துக் கொஞ்சம் அதிக நாள் அங்கேயே இருப்பது நல்லது என்பது என் அபிப்பிராயம்.

ஒவ்வொரு அளவிலும் 'ஷியே'யை தினம் இருபது தடவை எழுதுங்கள். ஏழாம் நாள் எந்தக் கட்டத்தில் கோடுகள் ஒட்டாமல் நிற்கின்றனவோ அதுதான் உங்கள் கட்டம். புதிதாகத் தொடங்கும் பெரும்பாலோருக்கு 2.5-ஐ ஒட்டித்தான் வரும்.

படி 3: உள்ளங்கையை அளப்பது

பழைய தினத்தாள் ஒன்றை விரித்துப் போடுங்கள். உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்கத்தைத் தண்ணீரில் லேசாக நனைத்து, எழுதுவதுபோலவே கையை வைத்துப் பேனாவால் ஒரு புள்ளி குத்துங்கள். கையை எடுத்ததும் தாளில் ஈரத்தடம் இருக்கும். புள்ளியிலிருந்து ஈரத்தின் அடி வரைக்கும் ஸ்கேல் வைத்துப் பாருங்கள். எனக்கு 8 சென்டிமீட்டர்.

இதற்கு என்ன பொருள்? திரையின் அடியிலிருந்து 8 சென்டிமீட்டருக்குள் நான் எழுதினால் என் உள்ளங்கை டேப்பை விட்டு வெளியே தொங்கும். டேப்பின் விளிம்பு மணிக்கட்டின் கீழே அழுத்தும். அப்போது கோடு நடுங்கும். என் 8 இஞ்ச் டேப்பில் மேல் வரிசைகள் அழகாகவும் கீழ் வரிசைகள் கோணலாகவும் வந்ததற்குக் காரணம் இதுதான். பயிற்சி போதவில்லை என்று நினைத்து இரண்டு மாதம் கூடுதலாக எழுதினேன். காரணம் பயிற்சியில் இல்லை, விளிம்பில் இருந்தது.

படி 4: அட்டையை வெட்டுங்கள்

விளம்பரத்தில் போடும் இஞ்ச், திரையின் மூலைக்கு மூலை அளவு. அதை வைத்து அகலத்தை ஊகிக்க முடியாது. 11 இஞ்ச் என்று எழுதியிருக்கும் இரண்டு டேப்பில் ஒன்று நீட்டமாக ஒடுங்கியும், மற்றது கொஞ்சம் சதுரமாகவும் இருக்கும். ஐபேட் வகை சதுரத்தை ஒட்டி வரும், பல ஆண்ட்ராய்டு டேப்கள் நீட்டவாக்கில் வரும். எழுத்துப் பயிற்சிக்குச் சதுரத்தை ஒட்டியது நல்லது, வரிசைக்கு ஒரு கட்டம் கூட வரும்.

பழைய அட்டைப் பெட்டியில் இந்த மூன்று அளவில் வெட்டிக்கொள்ளுங்கள். 8 இஞ்ச் வகைக்கு 11.5-க்கு 18 சென்டிமீட்டர். 11 இஞ்சுக்கு 16-க்கு 22.5, ஏ4 தாளை இரண்டாக மடித்தால் வருவதைவிடக் கொஞ்சம் பெரிது. 13 இஞ்சுக்கு 19.8-க்கு 26.4. மேலே ஒன்றரை சென்டிமீட்டரை ஆப்பின் பட்டைக்கு என்று அடித்துவிடுங்கள். மிச்சத்தில் 2.5 சென்டிமீட்டர் கட்டம் போட்டு, அட்டையை நிஜ டேப் மாதிரி கொஞ்சம் உயர்த்தி, அடியில் ஒரு மெல்லிய நோட்டு வைத்து எழுதுங்கள்.

என் கைக்கு வந்த கணக்கு இது. 8 இஞ்சில் வரிசைக்கு 4 கட்டம், 6 வரிசை. அதில் கீழே மூன்று வரிசையில் கை தொங்குகிறது, நிம்மதியாக எழுத 12 கட்டம். 11 இஞ்சில் வரிசைக்கு 6, எட்டு வரிசை. கை ஊன்றி எழுத 30 கட்டம். 13 இஞ்சில் 42. பன்னிரண்டுக்கும் முப்பதுக்கும் உள்ள தூரம் பெரிது. முப்பதுக்கும் நாற்பத்திரண்டுக்கும் உள்ள தூரத்துக்கு அவ்வளவு பணம் கூடக் கொடுக்கலாமா என்று யோசிக்க வேண்டும். எடையும் இருக்கிறது: 8 இஞ்ச் சுமார் 300 கிராம், 11 இஞ்ச் 500-ஐ ஒட்டி, 13 இஞ்ச் 600 வாக்கில். ஆம்பூரிலிருந்து காட்பாடிக்கு தினம் ரயிலில் போகிறவர் மடியில் வைத்து எழுத 13 சரிப்படாது.

ஆகவே யார் கேட்டாலும் நான் 11-ஐத்தான் முதலில் சொல்கிறேன். திரையைப் பாதியாகப் பிரித்து ஒரு பக்கம் மாதிரி எழுத்தும் மறு பக்கம் கட்டமும் வைத்துக்கொள்ள அதில் இடம் இருக்கிறது. பழைய எழுத்தும் தூரிகை எழுத்தும் மேசையில் உட்கார்ந்து பழகுகிறவர்கள் 13 வாங்கலாம். ஏற்கெனவே 8 இஞ்ச் வைத்திருப்பவர்கள் அதை விற்க வேண்டாம். டேப் எவ்வளவு தடிமனோ அதே தடிமனில் ஒரு பரீட்சை அட்டையையோ நோட்டையோ அதன் கீழ் விளிம்போடு ஒட்டி வையுங்கள். கை அதில் ஊன்றும், பாதி தொல்லை தீர்ந்தது.

வீட்டில் லேப்டாப் இருந்தால் இன்னும் குறைந்த செலவில் ஒரு வழி உண்டு. அதில் செருகி எழுதும் திரையில்லாப் பேனாப் பலகை. வேகாம் இன்டுவோஸில் சின்னது எழுதுமிடம் 15-க்கு 9.5 சென்டிமீட்டர், தனித்தனி எழுத்துக்கு அது தாராளம். ஆனால் கை ஓரிடம், கண் ஓரிடம். பழக இரண்டு வாரம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: பேனா

ரப்பர் முனை வைத்த விலை குறைந்த பேனா வேண்டவே வேண்டாம். முனை தடிப்பாக இருப்பதால் கோடு எங்கே விழுகிறது என்று தெரியாது, உள்ளங்கை பட்டாலும் திரை அதையும் எழுத்தாக எடுத்துக்கொள்ளும். டேப்புக்கென்றே செய்த பேனா வேண்டும். சாம்சங்கில் டேப் எஸ்6 லைட் மாதிரி சிலவற்றில் பேனா பெட்டியிலேயே வரும்; டேப் ஏ9-இல் அந்தப் பேனா வேலை செய்யாது. ஐபேடுக்குத் தனியாக வாங்க வேண்டும், எந்த பென்சில் எந்த ஐபேடுக்கு என்பதையும் பார்க்க வேண்டும். யுஎஸ்பி-சி மாடல் ஆப்பிள் பென்சிலுக்கு அழுத்தம் தெரியாது. சாதாரண எழுத்துக்குப் பரவாயில்லை, தூரிகைக்கு ஆகாது.

கண்ணாடி வழுக்குவது புதியவர்களுக்குத் தொல்லைதான். சொரசொரப்பான பேப்பர் ஃபில்ம் ஒட்டினால் கோடு நிற்கும், ஆனால் முனை சீக்கிரம் தேயும். வேலூரில் கத்திரி வெயில் மாதத்தில் கை வியர்த்துக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். உள்ளங்கைக்குக் கீழே மெல்லிய பருத்திக் கைக்குட்டை ஒன்றைப் போட்டு எழுதுங்கள். எனக்கு ஏப்ரல், மே முழுக்க அப்படித்தான் ஓடுகிறது.

படி 6: கடையில் ஐந்து நிமிடம்

வேலூர் சாரதி மாளிகையிலோ வேறு எங்கோ, கடைக்குப் போகும்போது ஆறு இஞ்ச் ஸ்கேல் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். காட்சிக்கு வைத்த டேப்பையும் அதற்குரிய பேனாவையும் கேட்டு வாங்கி, நோட்ஸ் ஆப்பைத் திறந்து, மேல் வரிசையில் ஐந்து 'ஷியே', திரையின் அடியில் ஐந்து 'ஷியே' எழுதுங்கள். இரண்டையும் ஒப்பிட்டால் அந்த டேப் உங்கள் கைக்கு ஆகுமா என்பது அங்கேயே தெரிந்துவிடும். எழுதும்போது உள்ளங்கையை நன்றாக ஊன்றுங்கள்; திரையில் வேண்டாத கீறல் விழுந்தால் வேறு டேப் பாருங்கள்.

படி 7: வாங்கிய பிறகு

கட்டம் போட்ட பிடிஎஃப் ஒன்றை நோட்ஸ் ஆப்பில் ஏற்றி, திரைமேல் ஸ்கேலை வைத்து ஒரு கட்டத்தை அளந்து பாருங்கள். 2.5 வரும் வரை சரிசெய்துவிட்டு ஜூமைப் பூட்டுங்கள். பூட்டாவிட்டால் விரல் பட்டுப் பட்டு கட்டம் நான்கு சென்டிமீட்டர் ஆகியிருக்கும், நமக்கே தெரியாது. பெரிதாக்கி எழுதியதைத் திரும்பச் சுருக்கினால் எல்லாமே அழகாகத் தெரியும். தாளில் அந்தக் கை வராது. ஆப் எழுத்தை அடையாளம் கண்டுகொண்டது என்பதையும் மதிப்பெண்ணாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கோணல் எழுத்தையும் அது கண்டுபிடித்துவிடும், அதற்காகவே செய்தது அது.

பேனாவின் தடிப்பையும் கட்டத்துக்கு ஏற்பக் குறையுங்கள். 'ஷியே'யின் அந்த நான்கு படுக்கைக் கோடுகளுக்கு நடுவே வெள்ளை தெரிய வேண்டும், அதுதான் அளவு.

ஒரு கட்டத்தில் ஒரு பக்கம் முழுக்க ஒட்டாமல் எழுத வந்ததும் அடுத்த சிறிய கட்டத்துக்கு இறங்குங்கள்: 2.5, 2, 1.5, 1.2. நான் 1.2-க்கு வர பதினோரு மாதம் ஆனது. அதன் பிறகு வாரத்தில் ஒருநாள் டேப்பை மூடிவிட்டு, சாம்பிள் ரூமில் மிஞ்சிய அட்டைகளை எடுத்து வந்து பால்பாயின்ட் பேனாவில் எழுதுகிறேன். அந்த அட்டையில் குறிப்புக்கு விட்டிருக்கும் இடம் ஒரு சென்டிமீட்டர் உயரம்தான். தோலின் பெயர், கனம், நிறம் மூன்றும் அதற்குள் அடங்க வேண்டும்.