காருக்குள் எலிக் கப்பு: தேடிப் பிடித்துக் கழுவும் முறை

கண்ணாடியை ஏற்றி ஏசியைப் போட்டதும் குப்பென்று ஒரு கப்பு. சென்ட் பாட்டில் மாட்டியாச்சு, எலுமிச்சம்பழம் அறுத்து வைத்தாச்சு, ஊதுபத்தியும் கொளுத்தியாச்சு. இப்போது ஊதுபத்தி மணத்தோடு சேர்ந்து எலி நாற்றம் வருகிறது, அவ்வளவுதான் மாற்றம். எலி மூத்திரம் காய்ந்த இடமோ செத்த எலியோ உள்ளே இருக்கும்வரை எந்த வாசனைப் பொருளும் வேலை செய்யாது. காய்ந்த கறை காற்றில் ஈரம் ஏறும்போதெல்லாம் திரும்ப வாடையைக் கிளப்பும். எண்ணூர், திருவொற்றியூர், காசிமேடு பக்கம் கடல்காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா என்ன?

வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை சந்துகளில் கார் நிற்பது பெரும்பாலும் தெருவோரம், சாக்கடை மூடிக்குப் பக்கத்தில். ஐப்பசி, கார்த்திகை மழையில் சாக்கடை நிரம்பினால் எலி மேலே ஏறும். சூடு ஆறாத இன்ஜின் அதற்கு நல்ல படுக்கை. டிக்கியில் கருவாடு வாடை, சீட்டுக்கு அடியில் மிக்சர் தூள் இருந்தால் சாப்பாடும் ஆச்சு.

முதலில் எந்த வாடை என்று பிரித்துக்கொள்ளுங்கள். மூக்கில் சுருக்கென்று ஏறி, கண் எரிகிற மாதிரி இருந்தால் மூத்திரம். குமட்டலோடு பச்சை ஈயும் சுற்றினால் உள்ளே ஏதோ செத்திருக்கிறது. கஸ்தூரி மாதிரி அழுத்தமான கப்பு என்றால் மூஞ்சூறு. மூஞ்சூறு எலி இனமே இல்லை, ஆனால் கழுவும் முறை ஒன்றுதான்.

தொடும் முன்

எலி மூத்திரத்திலிருந்து எலிக்காய்ச்சல் தொற்றும். கையில் சிறு கீறல் இருந்தாலே போதும். ரப்பர் கையுறை, என்-95 மாஸ்க் இரண்டும் வேண்டும். புழுக்கையைக் காய்ந்த நிலையில் பெருக்காதீர்கள், வாக்குவம் போடாதீர்கள். தூசி கிளம்பி நேராக மூச்சில் போகும். நான்கு கதவையும் திறந்து வைத்து அரை மணி நேரம் கழித்து வேலையைத் தொடங்குங்கள். இந்த வேலை முடிந்த ஓரிரு வாரங்களில் காய்ச்சலும் உடல்வலியும் வந்தால், எலி எச்சம் சுத்தம் செய்ததை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

படி 1: ஏசி ஃபில்டரைப் பாருங்கள், ஏசியைப் போட்டுப் பார்க்காதீர்கள்

பலர் சறுக்குவது இங்கேதான். வாடை எங்கிருந்து வருகிறது என்று பார்க்க புளோயரை முழு வேகத்தில் ஓட்டுவார்கள். ஃபில்டர் மேல் இருந்த புழுக்கைத் தூள் கார் முழுக்கப் பரவும்.

பெரும்பாலான சின்னக் கார்களில் ஃபில்டர் இடதுபக்கக் குளோவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். பாக்ஸைத் திறந்து, இரண்டு பக்கச் சுவரையும் உள்நோக்கி அழுத்தினால் அது கீழே தொங்கும். பின்னால் நீளவாக்கில் ஒரு பிளாஸ்டிக் மூடி. கிளிப்பை அழுத்தி மெதுவாக இழுங்கள். சில அடிப்படை மாடல்களில் ஃபில்டரே போடாமல் வெறும் பொந்து மட்டும் விட்டிருப்பார்கள்.

வெளியே வந்த ஃபில்டரில் தேங்காய் நார், கிழிந்த டிஷ்யூ, நிலக்கடலைத் தோல், இன்ஜின் மூடியில் ஒட்டியிருந்த பஞ்சு எல்லாம் உருண்டையாகச் சேர்ந்திருந்தால் அதுதான் கூடு. பழைய ஃபில்டரைக் கழுவித் திரும்பப் போடும் யோசனை வேண்டாம். இரண்டு கவரில் கட்டி மாநகராட்சித் தொட்டியில் போட்டுவிட்டு, எல்லாம் முடிந்தபின் புதிதாக ஒன்று வாங்கிப் போடுங்கள். சில நூறு ரூபாய்தான் ஆகும்.

படி 2: புளோயர்

ஃபில்டரில் கூடு இருந்தால் அதற்குக் கீழே உள்ள புளோயரையும் பார்த்தே ஆகவேண்டும். ஒரு வயர் கனெக்டர், சாதாரணமாக மூன்று ஸ்க்ரூ. கழற்றினால் மோட்டாரோடு உருளை விசிறி கையில் வரும். ஓடும்போது கடகடவென்று அதிர்ந்திருந்தால், இறக்கைகளுக்கு நடுவே புழுக்கையோ குட்டி எலியோ சிக்கியிருக்க வாய்ப்பு அதிகம். மோட்டாரில் தண்ணீர் படாமல், பழைய பல்துலக்கி கொண்டு இறக்கையை மட்டும் சோப்புத் தண்ணீரில் துடையுங்கள்.

படி 3: மற்ற ஒளிவிடங்கள்

வைப்பருக்குக் கீழே உள்ள கருப்புப் பிளாஸ்டிக் தட்டு, பேட்டரி தட்டு, பானட்டின் உள்பக்கப் பஞ்சு, ஸ்டெப்னி குழி, முன்சீட்டின் அடிப்பக்க ஸ்பிரிங் இவற்றை இந்த வரிசையில் பாருங்கள். இரவில் யூவி டார்ச் அடித்தால் மூத்திரக் கறை வெளிர்மஞ்சளாக மினுங்கும். சோப்புக் கறையும் மினுங்கும். சொட்டுச் சொட்டாகக் கோடுபோல் போனால் எலி, படலமாக இருந்தால் பெரும்பாலும் சோப்பு. பானட் திறந்திருக்கும்போதே வயர்கள் கடிபட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். செம்பு வெளியே தெரிந்தால் வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

சீட்டைக் கழற்ற வேண்டி வந்தால் முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, குறைந்தது 10 நிமிடம் விடுங்கள். சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிறக் கனெக்டர் தெரிந்தால் அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது. அதைத் தொடாமல் மெக்கானிக்கிடம் விட்டுவிடுவதே நல்லது.

படி 4: எச்சத்தை எடுப்பது

துணி துவைக்கும் திரவ பிளீச் 1 பங்கு, தண்ணீர் 9 பங்கு. அன்றைக்கு வேண்டியதை அன்றைக்கே கலக்குங்கள். புழுக்கை, கூடு, செத்த எலி எதுவானாலும் நன்றாக நனையும்படி இதைத் தெளித்து 5 நிமிடம் விட்டு, டிஷ்யூவால் அள்ளி இரட்டைக் கவரில் கட்டுங்கள். பிளாஸ்டிக், ரப்பர் மேட், ஸ்டெப்னி குழிக்கு இது சரி. இரும்பில் பட்ட இடத்தை உடனே தண்ணீரால் துடைக்காவிட்டால் துரு பிடிக்கும். சீட் துணியில் பட்டால் வெள்ளைத் திட்டு விழும், திரும்ப நிறம் வராது. துணிப் பகுதியில் புழுக்கை கிடந்தால் பிளீச்சுக்குப் பதில் அடுத்த படியில் வரும் கலவையால் நனைத்து எடுங்கள். பிளீச்சோடு வினிகரோ பாத்ரூம் ஆசிட்டோ சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். காருக்குள் அது உயிருக்கே ஆபத்து.

படி 5: துணியும் கார்ப்பெட்டும்

நேரம் பிடிக்கும் வேலை இதுதான். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு பெரும்பாலும் 6 சதவீதம். லேபிளைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். அரை லிட்டருக்கு அரை லிட்டர் தண்ணீர் சேர்த்தால் 3 சதவீதம் ஆகும். அதில் ஆப்ப சோடா 4 டேபிள்ஸ்பூன், பாத்திரம் விளக்கும் லிக்விட் 1 டீஸ்பூன். ஆப்ப சோடாதான், சலவை சோடா இல்லை. கலந்ததும் நுரைக்கும். வாளியில் கலந்து உடனே பயன்படுத்துங்கள். பாட்டிலில் அடைத்து மூடி போட்டால் வாயு சேர்ந்து வெடிக்கும்.

சீட்டின் மறைவான மூலையில் கொஞ்சம் தடவி, காய்ந்தபின் நிறம் போகிறதா என்று பாருங்கள். லெதர் சீட்டுக்கு இது வேண்டாம். நிறம் போகாவிட்டால் கறை மேல் நனையத் தெளித்து 15 நிமிடம் விட்டு, துணியால் ஒற்றி எடுத்து, வெறும் தண்ணீரில் இரண்டு முறை துடையுங்கள்.

கார்ப்பெட்டின் மேல்பக்கம் மட்டும் துடைத்துவிட்டு விடுவதால்தான் பத்து நாளில் வாடை திரும்புகிறது. கதவோரப் பிளாஸ்டிக் பட்டையைக் கழற்றி கார்ப்பெட்டைத் தூக்கிப் பாருங்கள். அடியில் பழைய துணியை அழுத்தி வைத்தாற்போல் ஒரு தடித்த பஞ்சுப் படலம் இருக்கும்; மூத்திரம் இறங்கித் தேங்குவது அங்கேதான். நனைந்த பகுதி கையளவு என்றால் அந்தத் துண்டை அறுத்து எடுத்து, கார் அப்ஹோல்ஸ்டரி கடையில் அதே தடிமனில் வாங்கிப் போடுங்கள். கழுவிக் காயவைப்பதைவிட இது சுலபம்.

பூனை, நாய் மூத்திரத்துக்கென்று செல்லப்பிராணிக் கடைகளில் விற்கும் என்சைம் கிளீனரும் நன்றாக வேலை செய்யும். பாட்டிலில் போட்டிருக்கும் நேரம்வரை அது ஈரமாக இருக்கவேண்டும்; ஈரத்துணி போட்டு மூடி வையுங்கள். பிளீச்சோ பினாயிலோ பட்ட இடத்தில் என்சைம் செயலிழந்துவிடும், காசுதான் வீண்.

படி 6: உலர்த்துவது

கத்திரி வெயிலில் கண்ணாடியை இறக்கி வைத்தால் இரண்டே நாள். மழைக்காலத்தில் கதவைத் திறந்து டேபிள் ஃபேனை உள்ளே திருப்பி வையுங்கள். அரைகுறையாகக் காய்ந்த பஞ்சின் மேல் கார்ப்பெட்டை மூடினால் எலி வாடை போய்ப் பூஞ்சை வாடை வரும். டிஷ்யூவை வைத்து அழுத்திப் பாருங்கள். ஈரம் ஒட்டாமல் வந்தால்தான் காய்ந்தது. மிச்ச வாடைக்கு ஒரு தட்டில் அடுப்புக்கரி வைத்தால் போதும். பாச்சை உருண்டை மூடிய காருக்குள் வேண்டாம், அந்த ஆவி உடம்புக்குக் கெடுதல்.

படி 7: வழியை அடைப்பது

வைப்பர் தட்டுக்கு அடியில் இருக்கும் காற்று நுழைவாய்க்கு 6 மில்லிமீட்டர் கண்ணுள்ள இரும்பு வலை வெட்டிப் போடுங்கள், சுண்டெலிகூட நுழையாது. பிளாஸ்டிக் கேபிள் டை கட்டினால் ஒரே ராத்திரியில் கடித்துவிடும். கட்டுக்கம்பியோ ஸ்க்ரூவோதான் நிற்கும். வண்டியை நிறுத்தும்போது ஏசியை உள்காற்றுச் சுழற்சியில் வைத்தே அணையுங்கள். வெளிக்காற்று வரும் கதவு மூடியிருக்கும். எலி மருந்தை மட்டும் பானட்டுக்குள் வைக்காதீர்கள். தின்ற எலி டேஷ்போர்டுக்குப் பின்னால் போய்ச் செத்தால், மறுபடி படி 1.

கார்ப்பெட்டைத் திரும்ப ஒட்டுவதற்கு முன் மூன்று ராத்திரி, நான்கு டயரைச் சுற்றியும் பேட்டரித் தட்டின் மேலும் கோலமாவைத் தூவி வையுங்கள். காலையில் குட்டிக் கால்தடமும் நடுவில் வால் இழுத்த கோடும் தெரிந்தால், எந்த டயர் வழியாக ஏறுகிறது என்று பார்த்து அங்கே பொறிக்கூண்டு வையுங்கள். மாவு கலையாமல் இருந்தால் கார்ப்பெட்டை ஒட்டலாம்.