பாக்ஸ் காட்டும் நம்பரை நம்பி பாக்ஸ் வாங்காதீர்கள்

உச்சிப்புளியில் போன மாதம் ஒரு வீடு. டிஷ் மாட்டுகிற தொழிலுக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவர் இரண்டு ரிசீவர்களை, அதாவது டிஷ்ஷையும் டிவியையும் இணைக்கிற பாக்ஸ்களை, அருகருகே வைத்து, டிவியில் சிக்னல் பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றில் 91. இன்னொன்றில் 67. "இதுதாண்ணே நல்ல பாக்ஸு, இதையே போட்டுடலாம்" என்று 91 காட்டியதைத் தட்டிக்கொடுத்தார். வீட்டுக்காரரும் தலையாட்டினார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 2014இல் நான் செய்ததும் இதேதான், சொன்ன வார்த்தையும் கிட்டத்தட்ட இதேதான்.

நட்டை இறுக்க மறப்பது, தென்னை மட்டை மறைக்கிற இடத்தில் டிஷ் நடுவது, இதெல்லாம் ஒரு தடவை செய்தால் தானாகப் புரிந்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். ஒரு ரிசீவரை இன்னொன்றோடு ஒப்பிடும்போது, தவறு செய்கிறோம் என்றே தெரியாமல் செய்கிற சில காரியங்கள் உண்டு. அவைதான் காசைத் தின்பவை.

சதவீதத்தை ஒப்பிடுவது

பாக்ஸில் இரண்டு பட்டைகள் இருக்கும். ஸ்ட்ரெங்த் ஒன்று, குவாலிட்டி ஒன்று. ஸ்ட்ரெங்த் என்பது எல்என்பியிலிருந்து (டிஷ்ஷுக்கு முன்னால் நீட்டிக்கொண்டு சிக்னலை வாங்குகிற தலை) கேபிள் வழியாக எவ்வளவு வருகிறது என்பது மட்டும்தான். அதில் சிக்னலும் இருக்கும், வெறும் இரைச்சலும் இருக்கும். சந்தேகம் இருந்தால் டிஷ்ஷை ஒன்றுமில்லாத பக்கம் திருப்பிப் பாருங்கள். படமே வராது, ஆனால் பல பாக்ஸ்களில் ஸ்ட்ரெங்த் 50, 60 என்று அசையாமல் நிற்கும்.

இரைச்சலைத் தாண்டிச் சிக்னல் எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று காட்டுகிற குவாலிட்டிதான் பார்க்க வேண்டியது. அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அந்தச் சுத்தத்தை அளக்கிற டெசிபல் கணக்கில் எத்தனைக்கு எத்தனை சதவீதம் காட்டுவது என்பதற்குப் பொதுவான அளவு எதுவும் கிடையாது. ஒவ்வொரு தயாரிப்பாளரும் தன் இஷ்டத்துக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார். ஒருவர் படியால் அளக்கிறார், ஒருவர் மரக்காலால் அளக்கிறார். எண்ணை மட்டும் கேட்டுக்கொண்டு யார் வீட்டில் நெல் அதிகம் என்று சொல்ல முடியுமா? ஒரே பாக்ஸில் டிஷ்ஷைத் திருப்பும்போது எண் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்கலாம். அதற்குத்தான் அந்தப் பட்டை.

இது தெரியாமல் 2014இல் ஒரே மாதிரி பாக்ஸ் பத்து வாங்கினேன். கடையில் போட்டுக் காட்டியபோது 95 காட்டியது, அதில் மயங்கிவிட்டேன். பத்தையும் பாம்பனில், பெரும்பாலும் தெற்குவாடிப் பக்கத்து வீடுகளில், இலவச டிடி சேனல்களுக்காகப் போட்டுக் கொடுத்தேன். புரட்டாசி வெயிலில் படம் கண்ணாடி மாதிரி இருந்தது. ஐப்பசி அடைமழை பிடித்தது. முதல் நாள் மாலையிலேயே நான்கு போன். மறுநாள் பத்து வீட்டிலும் கட்டம் கட்டமாக உடைந்து படம் நின்றுவிட்டது.

குடையைப் பிடித்துக்கொண்டு ஒரு வீட்டுக்குப் போனேன். பக்கத்து வீட்டில் யாரோ போட்ட பழைய பாக்ஸ், அதே அளவு டிஷ், அதே மழையில் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே போய்ப் பார்த்தேன். வெயில் நாளிலேயே 62க்கு மேல் காட்டாத பாக்ஸ் அது. திண்ணையில் உட்கார்ந்து வலை கோத்துக்கொண்டிருந்த அந்த வீட்டு அக்கா சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது: "தம்பி, மழைக்குத்தான் எங்களுக்கு டிவியே. அவுக கடலுக்குப் போகாத அன்னைக்குத்தானே வீட்டுல இருப்பாக." படம் வேண்டிய நாளில் வராத பாக்ஸை நான் விற்றிருக்கிறேன். பத்தையும் திருப்பி எடுத்தேன். வாங்கிய கடைக்காரர் "சிக்னல்தான் 95 காட்டுதே, பாக்ஸ்ல என்ன குறை?" என்று கையை விரித்துவிட்டார். பதினோராயிரத்துச் சொச்சம் போனது. அந்தப் பணத்தைவிட அந்தக் கேள்விதான் இன்னும் எரிச்சல்.

வீட்டு டிஷ்ஷுக்கு வருவது கேயூ பேண்ட் என்கிற அலைவரிசை, 11, 12 கிகாஹெர்ட்ஸ் வாக்கில். மழைத்துளி அதை உறிஞ்சும், சிதறடிக்கும். இலவச டிடி சேனல்கள், அதாவது டிடி ஃப்ரீ டிஷ், வருகிற ஜிசாட்-15 செயற்கைக்கோள் கிழக்குத் தீர்க்கரேகை 93.5 டிகிரியில் இருக்கிறது. நம் கரையிலிருந்து பார்த்தால் தென்கிழக்கில், ஏறக்குறைய 70 டிகிரி உயரத்தில், கிட்டத்தட்ட உச்சியில். டெல்லிக்காரர்களுக்கு அது 52 டிகிரிதான். ஆக, சிக்னல் மழைக்குள் கடக்கிற தூரம் நமக்குக் குறைவு, அது ஒரு நன்மை. ஆனால் வாடைக்காற்றோடு கொட்டுகிற மழையில் அந்த நன்மை பாதி போய்விடும். பழைய ஆன்டெனா காலத்தில் இலங்கையின் ரூபவாஹினியைப் புள்ளி புள்ளியாகவாவது பார்த்தோம். டிஜிட்டலில் அப்படி இல்லை. ஒரு டெசிபல் இந்தப் பக்கம் இருந்தால் சுத்தமான படம், அந்தப் பக்கம் போனால் கறுப்புத் திரை. அந்த விளிம்பு எந்த பாக்ஸுக்கு எங்கே இருக்கிறது என்பதைத்தான் ஒப்பிட வேண்டும்.

நான் செய்வது இது. ஒரு கைத்துண்டை நனைத்து நன்றாகப் பிழிந்துகொள்கிறேன். முதல் பாக்ஸை மாட்டி, இருப்பதிலேயே பலவீனமான சேனலை வைக்கிறேன். உதவிக்கு ஒருவரை டிவி முன்னால் உட்காரவைத்துவிட்டு, துண்டை எல்என்பியின் வாய்மூடி மேல் கீழ் விளிம்பிலிருந்து மெல்ல ஏற்றுகிறேன். "நின்னுருச்சுண்ணே" என்று குரல் வந்ததும் நிறுத்தி, எத்தனை விரற்கடை மூடியிருக்கிறது என்று பார்க்கிறேன். பிறகு அதே கேபிள், அதே சேனல், துண்டை மறுபடி நனைத்துப் பிழிந்து இரண்டாவது பாக்ஸ். உச்சிப்புளியில் அன்று 91 காட்டியது இரண்டு விரற்கடையில் நின்றது. 67 காட்டியது மூன்றைத் தாண்டியும் ஓடியது. அந்தத் தம்பி இரண்டு தடவை திரும்பச் செய்து பார்த்தார், அப்புறம்தான் நம்பினார்.

செய்யும்போது தலையும் தோளும் டிஷ்ஷுக்கும் வானத்துக்கும் நடுவில் வரக்கூடாது. சேனலை மாற்றவும் கூடாது. டிவிபி-எஸ்2 என்கிற புதிய ஒளிபரப்பு முறையில், 8பிஎஸ்கே என்று நெருக்கி அடைத்து வருகிற சேனலுக்கு, பழைய டிவிபி-எஸ் முறைச் சேனலைவிடச் சுத்தமான சிக்னல் வேண்டும், அதனால் மழையில் அது முதலில் போகும். ஒரு பாக்ஸை அதிலும் இன்னொன்றை இதிலும் வைத்துப் பார்த்துவிட்டுத் தீர்ப்பு சொல்கிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

18 வோல்ட்டைப் பார்க்காமல் விடுவது

எல்என்பிக்கு மின்சாரம் கொடுப்பது பாக்ஸ்தான், அதே கேபிள் வழியாக. 13 வோல்ட் கொடுத்தால் செங்குத்து அலை, 18 கொடுத்தால் கிடை அலை. மலிவான பாக்ஸில் அடாப்டர் நோஞ்சானாக இருந்தால் 18 என்று கிளம்புவது எல்என்பி இழுக்கும்போது தொய்ந்துவிடும். அப்போது பாதி சேனல் வரும், பாதி வராது. கீழக்கரையில் மூன்று மாடி வீடு ஒன்றில் இந்தக் காரணத்தால் இரண்டு எல்என்பி மாற்றிவிட்டார்கள், எல்என்பி மேல் குற்றமே இல்லை. அந்த வீட்டுக் காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள்) இரண்டையும் பையில் போட்டுப் பத்திரமாக வைத்திருந்தார். என் பாக்ஸில் மாட்டினேன், இரண்டும் ஓடின.

மல்டிமீட்டரை எல்என்பி முனையில் வைத்து, எல்என்பி மாட்டியிருக்கும்போதே அளங்கள். சும்மா திறந்திருக்கிற கேபிளில் எந்த பாக்ஸும் 18 காட்டும். வெளியே அடாப்டர் வைத்த பாக்ஸ் என்றால் அதில் எத்தனை ஆம்பியர் என்று அச்சடித்திருப்பதையும் படியுங்கள். சாயங்காலம் வோல்டேஜ் இறங்குகிற ஊர்களில் இந்த ஒரு வித்தியாசமே போதும், ஒரு பாக்ஸை ஒதுக்கிவிடலாம்.

உப்பேறிய கனெக்டரோடு ஒப்பிடுவது

மண்டபம், தங்கச்சிமடம், ஏர்வாடி, எங்கே போனாலும் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். திருகு இடுக்கில் வெள்ளைப் பொடி, கம்பி வலையில் பச்சைப் பூசணம், நடுக்கம்பி செம்பு நிறம் போய்க் கறுத்திருக்கும். நகத்தால் சுரண்டினால் உள்ளே துரு. பல கேபிள்களில் நடுக்கம்பி முழுச் செம்பு இல்லை, இரும்பின் மேல் செம்பு முலாம். முலாம் அரிக்கப்பட்டதும் கடல் காற்று இரும்பைப் பிடித்துக்கொள்ளும். இந்த நிலையில் எந்த பாக்ஸை மாட்டினாலும் கிடைக்கிற பதில் கனெக்டருடைய பதில், பாக்ஸுடையது அல்ல.

ஒப்பிடுவதற்கு முன்னால் இரண்டு முனையிலும் ஒரு சாண் வெட்டி எறிந்துவிட்டுப் புது எஃப் கனெக்டர் போடுங்கள். மேல் முனையில் கொஞ்சம் சிலிக்கான் கிரீஸ், அதன் மேல் ரப்பர் உறை. கேபிளை எல்என்பிக்குக் கீழே ஒரு வளையமாகத் தொங்கவிட்டால் மழைத்தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

ஸ்பிளிட்டர் போட்டு இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பது

ஸ்பிளிட்டர் ஒரு கேபிளை இரண்டாகப் பிரித்துக் கொடுக்கும். ஒரு பாக்ஸ் 13 வோல்ட் அனுப்பும், இன்னொன்று 18 அனுப்பும். எல்என்பி 18க்குத்தான் கட்டுப்படும். 13 கேட்ட பாக்ஸுக்கு நீங்கள் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்துவிடுவீர்கள்.

எம்பெக்-2 பாக்ஸை மலிவென்று வாங்குவது

எம்பெக் என்பது படத்தைச் சுருக்கி அனுப்புகிற முறை, 2 பழையது, 4 புதியது. ஃப்ரீ டிஷ்ஷில் சில சேனல்கள் எம்பெக்-4இல் மட்டுமே வருகின்றன, எம்பெக்-2 பாக்ஸ் அவற்றைக் காட்டாது. முந்நூறு ரூபாய் மிச்சம் பிடித்து அவற்றை இழக்க வேண்டாம். அப்புறம், சன் டைரக்டும் அதே 93.5 டிகிரிதான், அதனால் அந்த டிஷ் வீட்டில் சும்மா கிடந்தால் ஃப்ரீ டிஷ்ஷுக்குப் புது டிஷ் வாங்க வேண்டியதில்லை.

கரண்டை அணைக்காமல் கேபிளைக் கழற்றுவது

நடுக்கம்பி வலையில் உரசினால் பாக்ஸின் எல்என்பி சப்ளை போய்விடக்கூடும். அணையுங்கள்.

பழைய டிவியை மறப்பது

மஞ்சள், சிவப்பு, வெள்ளை சொருகு பாக்ஸில் இருக்கிறதா என்று பாருங்கள்.

மழைக்காக சி பேண்டுக்கு ஓடுவது

சி பேண்ட் கேயூவைவிடத் தாழ்ந்த அலைவரிசை, அதற்கு மழை பொருட்டில்லை. எட்டடி டிஷ்ஷை இந்தக் காற்றில் யார் பிடித்து நிறுத்துவது?

காலை 11 மணிக்கு பாக்ஸ் மாற்றுவது

மார்ச் பாதியிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாட்கள் சூரியன் நேராகச் செயற்கைக்கோளுக்குப் பின்னால் வந்துவிடும். 93.5 டிகிரிக்கு நம் ஊரில் அது காலை 11 மணியை ஒட்டி. வானத்தில் ஒரு மேகம் இருக்காது, சில நிமிடங்கள் படம் மட்டும் போய்விடும். சூரியனின் இரைச்சல் சிக்னலை மூழ்கடிக்கிறது, அவ்வளவுதான். எந்த பாக்ஸாலும் தப்ப முடியாது. அந்த நேரத்தில் போன் வந்தால் நான் வண்டியை எடுப்பதில்லை. "அக்கா, ஒரு கால் மணி நேரம் அப்படியே விட்டுட்டு மறுபடி போட்டுப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, பதினொன்றரைக்கு நானே கூப்பிட்டுப் படம் வந்துவிட்டதா என்று கேட்டுக்கொள்கிறேன்.