எந்த ட்ரிகர் தொடங்கினாலும் ஒரே விளைவு

மென்பொருள் வேலைகளைத் தானாக இயக்கும் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் ஒரே பணித்தொடரைப் புஷ் (நிரல் மாற்றத்தைப் பதிவேற்றுவது), புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கக் கோருவது), நேர அட்டவணை, கைமுறை இயக்கம் என எதனாலும் தொடங்கலாம் என்றாலும், ஒவ்வொன்றும் கொண்டுவரும் தகவல் வேறுபடும். கைமுறை இயக்கத்துக்கான உள்ளீடுகள், அவற்றுக்கு இயல்பு மதிப்பு எழுதியிருந்தாலும்கூட, அட்டவணைப்படி ஓடும்போது வெறுமையாகவே இருக்கும். பலரும் இங்குதான் ஏமாறுகிறார்கள். ஆகவே, தேவையான மதிப்புகளைத் தொடக்கத்திலேயே சூழல் மாறிகளில் நிரப்பி, மதிப்பு வராதபோது எதை எடுத்துக்கொள்வது என்பதையும் அங்கேயே || (‘அல்லது’) குறியால் எழுதிவிட்டு, அடுத்தடுத்த படிகள் அந்த மாறிகளை மட்டுமே படிக்குமாறு அமைப்பது நல்லது. பூலியன் (ஆம்/இல்லை) உள்ளீட்டில் மட்டும் இம்முறை காலை வாரிவிடும்: பயனர் ‘வேண்டாம்’ என்று குறித்திருந்தாலும் அக்குறி அதை வெறுமையாகவே கருதி, மாற்று மதிப்பாக ‘ஆம்’ என்று எழுதியிருந்தால் அதையே எடுத்துக்கொள்ளும். அங்கே, தொடங்கிவைத்த நிகழ்வின் பெயரைச் சோதித்து மதிப்பை முடிவுசெய்ய வேண்டும்.