ஹவாயன்ஸ் போகிறீர்களா? எந்தக் கதவுக்குள் நீச்சலுடை, எதற்குள் கூடாது

ஒன்சென் என்னும் வெந்நீர் ஊற்றுக் குளியலுக்குப் போக ஆசை, ஆனால் முன்பின் தெரியாதவர்கள் நடுவே துணியில்லாமல் குளிக்கக் கூச்சம். ஜப்பானுக்குப் புதிதாக வரும் நம்மவர்களில் பலருக்கு இந்தத் தயக்கம் உண்டு. அவர்கள் முதலில் போய்ப் பார்க்க ஏற்ற இடம் ஃபுகுஷிமா மாநிலம் இவாகி நகரிலுள்ள ‘ஸ்பா ரிசார்ட் ஹவாயன்ஸ்’. குடும்பமாக நீச்சலுடையில் இறங்கும் குளங்களும், ஆண் பெண் தனித்தனியாக உடையின்றிக் குளிக்கும் வெந்நீர்த் தொட்டிகளும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன.

அந்த வட்டாரம் ஒரு காலத்தில் நிலக்கரிக்குப் பேர்போனது. ஒரு டன் கரி எடுக்க 40 டன் வெந்நீரை இறைத்துக் கொட்ட வேண்டியிருந்தது என்பார்கள். கரித்தொழில் நொடிக்கத் தொடங்கியதும், சுரங்க நிறுவனம் அந்தத் தொல்லைத் தண்ணீரையே மூலதனமாக்கி 1966-ல் இதைத் திறந்தது. ஹவாய்த் தீவு நடனமான ஹூலாவை இங்கே ஆட முதலில் பயிற்சி பெற்றவர்களில் சுரங்கத் தொழிலாளர்களின் மகள்களும் இருந்தார்கள். ஃபுகுஷிமா என்றதும் அணுவுலை விபத்தை நினைத்து ஊரிலிருந்து அம்மா பதறுவார். 2011 நிலநடுக்கத்துக்குப் பின் மூடிய வளாகம், 2012 பிப்ரவரியிலேயே முழுமையாகத் திறந்துவிட்டது என்று சொல்லுங்கள்.

டோக்கியோவின் உயேனோ நிலையத்திலிருந்து ‘ஹிடாச்சி’ விரைவு ரயிலில் யுமோட்டோ நிலையம் ஏறக்குறைய இரண்டேகால் மணி நேரம். அங்கிருந்து பேருந்தில் கால் மணி நேரம். இந்த ரயிலில் முன்பதிவில்லாத பெட்டியே கிடையாது. இருக்கை எண் குறிக்காத சீட்டு வாங்கினால் தலைக்கு மேலுள்ள விளக்கைப் பாருங்கள். சிவப்பு என்றால் காலி, உட்காரலாம். பச்சை என்றால் வேறொருவர் பதிவு செய்த இடம். மஞ்சள் என்றால் அடுத்து வரும் நிலையத்தில் ஆள் ஏறப்போகிறார். நம் கணக்குக்கு நேர் தலைகீழாக இருப்பதால், பச்சையைப் பார்த்து உட்கார்ந்து எழுந்து வருபவர்கள் அதிகம். புளியோதரை கட்டிக்கொண்டு போனால் இந்த ரயிலிலேயே சாப்பிட்டுவிடலாம். சைவர்களுக்கு அதுதான் நிம்மதி. உடோன் என்னும் கோதுமை நூடுல்ஸின் குழம்பு மீன்சாற்றில்தான் கொதிக்கும். காய்கறிக் கறி என்று பலகையில் இருந்தாலும் மசாலாவில் இறைச்சிச் சாறு கலந்திருக்கும்.

கூரையிட்ட பெரிய குளப் பகுதி குளிர்காலத்திலும் கதகதப்பாக இருக்கும். வெளியே 5 டிகிரி குளிரிலிருந்து நுழைந்ததும் மூக்குக் கண்ணாடியும் கைப்பேசி லென்ஸும் ஆவி படிந்து மங்கும். துடைக்கத் துடைக்கத் திரும்ப மங்கும், பத்து நிமிடம் விட்டுவிடுங்கள். இங்கே நீச்சலுடை கட்டாயம். பருத்திச் சட்டை, சுடிதார், வேட்டியோடு இறங்க விடமாட்டார்கள். முழுக்கை நீச்சல் மேலாடையும் முழங்கால்வரை நீளும் கீழாடையும் போதும், கூச்சமும் தீரும். ‘பிக் அலோஹா’ சறுக்குக் குழாய் 283 மீட்டர் நீளம், 40.5 மீட்டர் இறக்கம். அதற்குத் தனிக் கட்டணம். 120 செ.மீ. உயரமில்லாத பிள்ளைகளுக்கு அனுமதி இல்லை. வரிசையில் நின்று அழவைப்பதைவிட வீட்டுச் சுவரிலேயே அளந்துவிட்டுக் கிளம்புங்கள்.

உடையின்றிக் குளிக்கும் பகுதிகளில் பெரியது ‘எடோ ஜோவா யோயிச்சி’, டோக்கியோவுக்கு எடோ என்று பெயர் இருந்த பழைய காலத்துப் பாணியில் மரத்தால் கட்டிய திறந்தவெளிக் குளியல். இங்கே விதி தலைகீழ்: நீச்சலுடையோடு இறங்கக் கூடாது. வாசல் திரைச்சீலையில் ஆண் என்ற எழுத்தின் தலையில் நாலு கட்டம் போட்ட பெட்டி ஒன்று இருக்கும். பெண் எழுத்தில் அது இருக்காது. திரைச்சீலையின் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். பல ஊர்களில் 7 வயதானதும் மகன் அம்மாவோடும் மகள் அப்பாவோடும் உள்ளே போக முடியாது.

உள்ளே போனதும் முக்காலியில் உட்கார்ந்து, சோப்புப் போட்டு, நுரை மிச்சமில்லாமல் அலசுங்கள். நின்றபடி குளித்தால் பக்கத்திலிருப்பவர் முகத்தில் தெறிக்கும். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்த தலையோடு வராதீர்கள். தொட்டி நீரில் எண்ணெய்ப் படலம் மிதக்கும், அதை எல்லோரும் பார்ப்பார்கள். நீண்ட கூந்தலை உச்சியில் முடிந்துகொள்ளுங்கள். சிறு துண்டு தண்ணீரில் படக்கூடாது, மடித்துத் தலையில் வைத்துக்கொள்வார்கள். நீரின் சூடு 41, 42 டிகிரி இருக்கும் என்பதால் முதல் முறை ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். சட்டென்று எழுந்தால் தலை சுற்றும்; விளிம்பில் ஒரு நிமிடம் உட்கார்ந்து எழுங்கள். உடை மாற்றும் அறைக்குள் நுழையுமுன் உடம்பைத் துடைத்துவிடுங்கள், ஈரத் தரையில் மற்றவர்கள் வழுக்கி விழுவார்கள். கைப்பேசியைப் பெட்டிக்குள் பூட்டிவிட்டு வாருங்கள். மனைவிக்குக் குறுஞ்செய்தி அனுப்பினாலும் படமெடுக்கிறீர்கள் என்றுதான் நினைப்பார்கள்.

ஜப்பானியக் குளியலிடங்கள் பலவற்றில் பச்சை குத்தியவர்களை விடுவதில்லை. மருதாணியும் அவர்கள் கண்ணுக்கு அப்படித்தான் தெரியும். கல்யாணத்துக்கு இட்ட கை நிறைய மருதாணி வெளுக்க இரண்டு வாரமாவது பொறுத்துப் பயணத்தை வைத்துக்கொள்ளுங்கள். விளக்கம் சொல்லி நுழைந்துவிடலாம் என்று நம்பிப் போகவேண்டாம்.

யுமோட்டோ நீரில் கந்தகம் உண்டு. தங்கத்துக்கு அதனால் பெரிதாக ஒன்றும் ஆகாது, தாலிச் சங்கிலியைக் கழற்ற வேண்டியதில்லை. கயிறாக இருந்தால் காய நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். கொலுசு, மெட்டி, குழந்தையின் வெள்ளி அரைஞாண் ஆகியவை கறுத்துவிடும், முன்பே கழற்றிவிடுங்கள். மறந்து இறங்கிவிட்டால் நூறு யென் கடையில் ‘ஜூசோ’ என்று கேட்டால் சமையல் சோடா தருவார்கள். கிண்ணத்தில் அலுமினியத் தாளை விரித்து, அதன்மேல் வெள்ளி படும்படி வைத்து, ஒரு தேக்கரண்டி சோடா தூவிக் கொதிநீர் ஊற்றுங்கள். சில நிமிடங்களில் கறுப்பு அலுமினியத் தாளுக்கு மாறிவிடும். கல் பதித்ததை மட்டும் இப்படிப் போடாதீர்கள்.